போதும் என்று சொல்ல ஓர் ஆள்

எங்கள் கடையில் ஆசிட் கேன்கள் ஒரு மூலையில் இருக்கும், குளோரின் டப்பாக்கள் எதிர் மூலையில் இருக்கும். இரண்டும் கலந்தால் விஷப் புகை கிளம்பும். ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மாமியாரும் மருமகளும் மாதிரிங்க, ஒரே ரூம்ல விட முடியாது" என்பேன். நீச்சல் குளத்துச் சாமான் விற்கிற கடையில் சிரிக்க வேறு என்ன இருக்கிறது? காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் இறக்குகிற வரை நீல டிரம்களும் நானும்தான். குடோனைப் பார்த்துக்கொள்கிற என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். கோபமும் அப்படித்தான், எனக்கு அது மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் சொட்டு அண்ணன். கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதிக்கிறவர் என்பதால் காண்ட்ராக்டரின் ஆட்கள் வைத்த பெயர். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. ஃபோனில் கூட "சொட்டு பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் வேலை விசித்திரமானது. கொத்தனார்கள் புதுக் குளத்தின் உள்பூச்சை முடித்துக் கிளம்பியதும் இவர் வருவார். ஹோஸ் முனையில் துணியைச் சுற்றி, குளத்தின் ஆழமான இடத்தில் வைத்துத் தண்ணீரைத் திறப்பார். திறந்தால் திறந்ததுதான், நிரம்புகிற வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் சுவரில் ஒரு கோடு விழும், அது ஆயுசுக்கும் போகாது. நிரம்பிய பிறகுதான் நிஜமான வேலை. புதுப் பூச்சு சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் நீளக் கம்பு பிரஷ்ஷால் சுவரையும் தரையையும் தேய்க்க வேண்டும். தினமும் சோதித்து, வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். குறைந்தால் சுவரில் வெள்ளை படியும். கூடினால் ஆசிட் பூச்சையே அரிக்கும். "பசிச்ச தண்ணி சுவத்தைத் தின்னும். வயிறு முட்டின தண்ணி சுவத்து மேலயே வாந்தி எடுக்கும்" என்பார் அண்ணன்.

இதெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும். அதுவரை குளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. கேட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணன் மட்டும் உள்ளே இருப்பார். தண்ணீர் நிதானத்துக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முதல் ஆள் குதித்துக் கும்மாளம் போடுகிற அன்றைக்கு அவர் வேறெங்கோ ஒரு வெறும் குளத்தில் ஹோஸுக்குத் துணி சுற்றிக்கொண்டிருப்பார்.

மட்டும் என்று சொன்னது தப்பு. போன வருஷம் வரைக்கும் அண்ணியும் கூடவே இருந்தாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. எந்தக் குளத்துக்குப் போனாலும் ஸ்கூட்டரின் பின்னால் அண்ணி, அவள் மடியில் சாப்பாட்டுப் பை. காண்ட்ராக்டரின் ஆட்கள் கேலி பண்ணாத நாள் இல்லை. "பொண்டாட்டி பக்கத்துல இல்லைன்னா சொட்டுக்கு சொட்டே விழாது" என்பார்கள். நானும் என் பங்குக்குக் கேலி செய்திருக்கிறேன். ஏனென்றால் கடைக்குப் புது மருந்து வாங்க வரும்போது, சரியாக இருக்கிறதா என்று இங்கேயே ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். அண்ணி குழாயைப் பிடித்துக்கொள்வாள், அவர் சொட்டு விடுவார். முதல் மருந்தில் பச்சையாகிற தண்ணீர், அடுத்த மருந்து சொட்டு விழ விழ ஒரு கட்டத்தில் சிவப்பாக மாறும். மாறின சொட்டு எத்தனையாவது என்பதுதான் கணக்கு. தண்ணீரில் ஆசிட்டைத் தாங்குகிற தெம்பு எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் அண்ணன் குழாயைப் பார்க்கவே மாட்டார். அண்ணியின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் "போதும்" என்பாள், அவர் கை நிற்கும்.

"ஏண்ணே, கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் என்னத்தைப் பார்த்துத் தீரலை?" என்று கேட்பேன். அண்ணிக்கு வெட்கம் வந்துவிடும்.

அவள் சரியான அவசரக்காரி. பச்சை லேசாகக் கலங்கினாலே "போதும்" என்பாள்.

"அண்ணி, இன்னும் ஒரு சொட்டு வேணும். இது சிவப்பே இல்லை" என்பேன் நான்.

"இதுக்கு மேல என்ன சிவக்கணும்? உன் மூக்கு மாதிரியா?"

நாங்கள் இரண்டு பேரும் மல்லுக்கு நிற்போம். அண்ணன்தான் நடுவில் புகுந்து, "விடு தங்கச்சி. அவ சொன்ன கணக்குல நான் எப்பவும் ஒண்ணு கூட்டிக்குவேன். சரியா வந்துரும்" என்பார். அவர் அப்படித்தான் ஒவ்வொரு குளத்தையும் பார்த்தார், எந்தக் குளமும் கெடவில்லை.

அண்ணி வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்போது அவர்கள் கையில் ஒரு பள்ளிக்கூடத்துக் குளம் இருந்தது. அது நிதானத்துக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். நான் சாவு வீட்டுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் மற்றவர்களைப் போலவே "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவர் கடைப்பக்கமே வரவில்லை. திரும்பி வந்தது போன மாதம்தான். அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களைத் தண்ணீருக்குள் நடக்க வைத்துப் பழக்குகிற ஒரு மருத்துவமனை, ஊர் ஓரத்தில் புதிதாக ஒரு குளம் கட்டியிருந்தது. காண்ட்ராக்டர் அதை அவருக்குக் கொடுத்திருந்தார். ஆசிட் கேனும் சோதனை மருந்தும் புது பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டார். சட்டையில் ஒரு பொத்தானுக்குப் பதில் குண்டூசி குத்தியிருந்தது. "மருந்தைப் போட்டுப் பார்க்கலையாண்ணே?" என்றேன். "அவசரமா போறேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். கையில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி மூடின ஒரு பாட்டில். முகம் வெளிறிக் கிடந்தது.

"தங்கச்சி, எங்கிட்ட இருக்கிற மருந்து பழசாயிருச்சு போல. இதை நீ கொஞ்சம் போட்டுப் பாரேன்."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதானே புதுசு வாங்கிட்டுப் போனீங்க?"

"வெயில்ல வச்சுட்டேன்."

எரிச்சலோடுதான் குழாயை எடுத்தேன். அவர் எதிரே நின்று, தானாகவே பேசினார். பிரஷ் இழுக்கிறது, தரை சொரசொரப்பாகிவிட்டது என்றார். புதுப் பூச்சு சொரசொரப்பானால் இரண்டில் ஒன்று. வெள்ளை படிந்திருக்கும், அப்படியானால் ஆசிட் இன்னும் வேண்டும். அல்லது ஆசிட் அரித்திருக்கும், அப்படியானால் அடுத்த வாளியோடு குளம் தீர்ந்தது. கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தட்டுப்படும். நிறம் மட்டும்தான் எது என்று சொல்லும்.

சொட்டு விட்டேன். மூன்றாவது சொட்டிலேயே தண்ணீர் சிவந்துவிட்டது. எட்டு வர வேண்டிய இடம் அது, ஆசிட் கூடிப்போயிருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்கலாம் என வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு, குழாயை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? குழாயைப் பாருங்க."

"பார்த்தா மட்டும் என்னம்மா" என்றார். பிறகு, "மாறிருச்சா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக நான் கேலி செய்த அந்தப் பார்வை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவரை உட்கார வைத்துக் கேட்டேன்.

பிறவியிலேயே அப்படியாம். பச்சையும் சிவப்பும் அவருக்கு ஒரே மங்கல். கல்யாணமான புதிதில் பழுத்த தக்காளி என்று ஒரு பை நிறையப் பச்சைக் காயை வாங்கிக்கொண்டு போய் நின்றாராம். அண்ணி முதலில் திட்டியிருக்கிறாள், பிறகு சிரித்திருக்கிறாள், பிறகு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. குளங்களில் மோட்டார் துடைக்கிற ஆளாக இருந்தவரைச் சோதனை வேலைக்கு மாற்றினபோது, நிறம் தெரியாதவன் கையில் யார் ஆசிட்டைக் கொடுப்பார்கள் என்று பயந்து வேலையையே விடப் பார்த்தாராம். அண்ணிதான், "எனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே" என்று சாப்பாட்டுப் பையோடு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாளாம்.

"இப்ப எப்படிண்ணே பார்த்தீங்க?"

"பழைய குளங்களோட ஞாபகத்துல, குத்துமதிப்பா."

"குத்துமதிப்பா ஆசிட் ஊத்துனீங்களா? புத்தி இருக்கா உங்களுக்கு? அங்க நடமாடற வாட்ச்மேனைக் கூப்பிட்டு 'இது என்ன கலரு'ன்னு கேட்க முடியாதா?"

"கேட்கலாம். நாளைக்குக் காண்ட்ராக்டர் காதுக்குப் போயிரும். அப்புறம் எனக்கு என்ன இருக்கு தங்கச்சி? வீட்ல நாலு சுவரு இருக்கு."

அதற்கு மேல் நான் திட்டவில்லை. ஆசிட்டை நிறுத்தச் சொன்னேன். தண்ணீருக்குத் தெம்பு ஏற்ற சமையல் சோடா மூட்டைகளை ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துக் கட்டினேன். தினமும் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன்.

தினமும் வந்தார். நான் சொட்டு விடுவேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் கணக்கைச் சொல்வேன். மூன்று நாலானது, நாலு ஆறானது. உண்மையைச் சொன்னால், மத்தியானம் ஆனால் ஸ்கூட்டர் சத்தத்துக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க ஆரம்பித்திருந்தேன். அவருக்கும் பேச்சு வந்துவிட்டது. பாட்டிலைக் கொடுத்துவிட்டு உடனே போகாமல், ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். துணி துவைக்கப் போனால் எதை எதோடு ஊறப் போடுவது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாயமாகிவிட்டதாம். எந்தச் சாயம் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

நடுவில் காண்ட்ராக்டர் எனக்கு ஃபோன் செய்தார். "என்னங்க, சொட்டுக்குப் புத்தி கித்தி கலங்கிருச்சா? தரை சொரசொரன்னு இருக்காமே. அங்க நடக்கப் போறவங்களுக்குக் கால்ல உணர்ச்சி கூடக் கம்மி. தோல் கிழிஞ்சா தெரியாது. சனிக்கிழமை நான் வந்து பார்ப்பேன். மோசமா இருந்தா பூச்சை மொத்தமா கொத்திட்டுத்தான் மறுவேலை. அவருக்கும் அதோட சரி. இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

"பொண்டாட்டி செத்தவருங்க."

"தெரியும். அதனாலதான் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்று அண்ணன் வந்ததும், கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தச் சின்ன மெஷினை எடுத்து முன்னால் வைத்தேன். தண்ணீரையும் மருந்தையும் விட்டு மூடினால், உள்ளே விளக்கு எரிந்து அதுவே நிறத்தைப் பார்த்து எண்ணில் சொல்லிவிடும். முகம், நிறம் எதையும் நாம் பார்க்கத் தேவையில்லை.

"இதை எடுத்துட்டுப் போங்க. கணக்கெல்லாம் அப்புறம். தண்ணி இங்க வந்து சேர்றதுக்குள்ளயே கொஞ்சம் மாறிடுது. அங்கேயே பார்த்தாத்தான் சனிக்கிழமைக்குள்ள தேத்த முடியும்."

அவர் அதைத் தொடவே இல்லை. "இது வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்?"

"அவ பார்த்த வேலை. அதைக் கொண்டு போய் ஒரு மெஷினுக்குக் கொடுக்கணுமா?"

எனக்கு வந்தது கோபம். "செத்தவங்க வேலைக்கு வர மாட்டாங்கண்ணே" என்றேன்.

அவர் எழுந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். நான் அதிலிருந்து ஒரு சொட்டு கூட எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சனிக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வாயைத் திறக்காத என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்து, "எங்கே?" என்று கேட்டார். "தண்ணி பார்க்க" என்றேன்.

மருத்துவமனையின் பின்பக்கம் அந்தக் குளம். மேலே கூரை, மூன்று பக்கம் கண்ணாடி. இறங்குவதற்குச் சாய்தளம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பிகள். கம்பிகளில் சுற்றி வந்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. சுவரோரம் சக்கர நாற்காலிகள் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன. அந்த அமைதியில் பிரஷ் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஓரத்தில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இரண்டு, டம்ளர் இரண்டு. பழக்கத்தில் எடுத்து வந்திருப்பார் போல.

"சோதிச்சீங்களா?"

"இல்லம்மா. சோடாவும் போடலை, ஆசிட்டும் ஊத்தலை. வெறுமனே தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்."

"அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேண்ணே."

"நீ சொன்னதுல என்ன தப்பு? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவ வர மாட்டாதான்." கம்பைச் சுவரில் சாத்தினார். "கொண்டு வந்திருக்கியா அதை?"

எடுத்துக் கொடுத்தேன். எப்படி மூடுவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று காட்டினேன். எண்பது என்று வந்தது. சொட்டுக் கணக்கில் எட்டு, ஆறுக்கு மேல் மிச்சத்தைப் பூச்சு கக்கின சுண்ணாம்பே ஏற்றியிருந்தது. அவர் அந்த எண்ணைப் பார்த்த மாதிரி யாரும் ஒரு எண்ணைப் பார்த்து நான் கண்டதில்லை. முகத்தில் சந்தோஷம் இல்லை. முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து சரியான சாமானைச் சரியான இடத்தில் எடுத்து வைத்தால் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தார்.

காண்ட்ராக்டர் வந்தார். செருப்பைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சாய்தளத்தில் இறங்கினார். உள்ளங்காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கரையேறி, பிரஷ் கம்பை வாங்கி ஆழமான பக்கத்துத் தரையைத் தேய்த்துப் பார்த்தார், குனிந்து சுவரைக் கையாலும் தடவினார்.

"உள்ளே பரவாயில்லை. சாய்தளத்துலதான் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கு. கிழிக்காது." மறுபடியும் சாய்தளத்தில் காலைத் தேய்த்தார். "வழுக்காம இருக்கிறதுக்கு இப்படி இருந்தா அவங்களுக்கு நல்லதுதான். தேறும் சொட்டு. கொத்த வேண்டாம்."

"சரிங்க" என்றார் அண்ணன்.

"அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்கு. கொஞ்சம் தூரம். வருவீங்கல்ல?"

அண்ணன் கையில் இருந்த மெஷினைப் பார்த்தார். "வரேங்க" என்றார்.

காண்ட்ராக்டர் போனதும் நானும் கிளம்பப் பார்த்தேன். மனசு நிறைந்துதான் இருந்தது, ஆனாலும் ஒரு பக்கம் வெறிச்சென்று இருந்தது. இனிமேல் அவருக்குப் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருகிற வேலை இல்லை. மத்தியானத்தில் என் கடை வாசலில் ஸ்கூட்டர் நிற்காது.

"ஒரு நிமிஷம் இரு தங்கச்சி" என்றார். பெட்டியைத் திறந்து பழைய கண்ணாடிக் குழாயை எடுத்தார். முட்டி போட்டுக் குளத்தில் முக்கி, கோடு வரைக்கும் தண்ணீர் எடுத்தார். முதல் மருந்தை விட்டுக் குலுக்கினார். பச்சையானது. குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, சிவப்பாக்குகிற மருந்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே? அதான் மெஷின் சொல்லிருச்சே."

"சும்மாதான். ஒரு தடவை."

சொட்டு விட்டார். ஒவ்வொன்றாக, மெதுவாக, என் முகத்தைப் பார்த்தபடி. ஏழாவது சொட்டில் பச்சை லேசாகக் கலங்கியது. அண்ணி இருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பாள். எட்டாவது விழுந்தது, தண்ணீர் நன்றாகச் சிவந்தது.

"போதும்" என்றேன்.

அவர் கை நின்றது. "எட்டு" என்றார். பிறகு தன் பாட்டுக்கு, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், "ஒண்ணு கூட்டினா ஒன்பது" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மருந்து பாட்டிலின் மூடியைத் திருகினார். அது சரியாக உட்காரவில்லை, மறுபடி திருகினார்.

"கூட்ட வேண்டாம்ல?" என்று என்னைக் கேட்டார்.

"வேண்டாம்ணே."

"ஆமா. இனிமே கூட்ட வேண்டாம்" என்றார். என் கையிலிருந்த குழாயை வாங்கிக் குளத்துக்கு வெளியே கொட்டினார். பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, சாவு வீட்டில் அழாத அழுகையையெல்லாம் அழுதார்.